தலைமைப் பூசாரி இன்று வேலைக்கு வரமாட்டார்

லிபெரோ மென்கோனியின் தகப்பன் உயிரோடு இருந்தவரை எந்தப் பாதிரிக்கும் தொப்பியைக் கழற்றியதில்லை. இத்தாலியின் கர்ராராவில் அது ஒரு பெரிய வீரமும் இல்லை. பளிங்குக் குவாரிக்கு ஏறுகிற ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான். சாமியும் வேண்டாம், சர்க்காரும் வேண்டாம் என்கிறவர்கள். மூத்த மகனுக்கு ஸ்பார்த்தகோ என்று, எசமானர்களை எதிர்த்துச் செத்த அடிமையின் பேரை வைத்தான். இளையவனுக்கு லிபெரோ. சுதந்திரன். இரண்டு பிள்ளைகளின் தலையிலும் ஞானஸ்நானத் தண்ணீர் ஒரு சொட்டு விழ விடவில்லை.

அப்பேர்ப்பட்டவனுடைய இளைய மகன்தான் இத்தனை வருஷமாக அங்கி மாட்டிக்கொண்டு, மேடையில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணிச் சாப்பிட்டான். ஓபராவில் அடிக்குரல்காரனுக்கு வேறு என்ன கிடைக்கும்? காதல், கத்திச்சண்டை, பூச்செண்டு எல்லாம் உச்சத்தில் பாடுகிற டெனருக்கு. அடிக்குரல்காரன் என்றால் பாதிரி, பூசாரி, கிழட்டு ராஜா, சிறைக்காவலன், பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்கிற அப்பன், எப்போதாவது பிசாசு. முதல் அங்கத்தில் வந்து சாபம் கொடுப்பான். கடைசி அங்கத்தில் மற்றவர்கள் சாவதை நின்று பார்ப்பான். நாடகம் முடிந்து தெருவில் போனால் தாடி இல்லாத முகத்தை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது.

"எங்கப்பன் பார்த்திருந்தா தாடியைப் பிடிச்சு இழுத்திருப்பான். ஒட்டுத்தாடிங்கறதால கையோட வந்திருக்கும்" என்று லிபெரோவே சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டாம் உலகப்போர் முடிந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. குவால்யா என்பவரின் சுற்றுக் குழுவில் அந்த வருஷம்தான் முதல் அடிக்குரல்காரனாக ஆகியிருந்தான். அதுவரை மூன்று வரி பாடும் தூதன், கதவைத் திறக்கும் காவலன், இப்படியே மழையிலும் குளிரிலும் சின்ன ஊர் மேடைகள். இப்போது கோவிலின் தலைமைப் பூசாரி. மூன்று அங்கத்திலும் வேலை. இரண்டாம் அங்கத்தின் முடிவில் ஒரு நீண்ட சாபம், அதன் கடைசிச் சுரம் குரலின் அடித்தளத்தில் போய் உட்கார வேண்டும். உட்காரும்.

குழு கர்ராராவுக்கு வந்தது, சனி ஞாயிறு இரண்டு நாள். சனிக்கிழமை நாடகத்தைப் பார்க்க மிலானின் பெரிய தியேட்டரிலிருந்து சொர்மானி வருகிறார் என்று குவால்யா சொல்லியிருந்தார். அடுத்த பருவத்துக்கு அவர்களுக்கு ஓர் அடிக்குரல்காரன் வேண்டும்.

"ஒரே ராத்திரிதான் இருப்பார். பிடிச்சிருந்தா மிலான். பிடிக்கலைன்னா நீயும் நானும் கிழவனாகிற வரைக்கும் இந்த லாரியிலதான். உன் வயசுல ரெண்டாவது தடவை எவனும் வந்து கேக்க மாட்டான், புரியுதா?"

லிபெரோவுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

சனிக்கிழமை முன்பகல் தியேட்டரில் பியானோவோடு கடைசி ஒத்திகை. சாபத்தைத் தொடங்கி நாலைந்து வரி போயிருக்கும். மலையிலிருந்து கொம்பு கேட்டது.

வெடி வைக்கும்போது ஊதுவது வேறு; விட்டுவிட்டு, குட்டையாக. இது நீளம். மூச்சு முடிகிற வரைக்கும் ஒரே இழுப்பு. அது ஓய்வதற்குள் அடுத்த குவாரியில் வாங்கி ஊதினார்கள், பிறகு அதற்கடுத்த பள்ளத்தாக்கில். பொலோனியாக்காரனான பியானோக்காரன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனான். பாட்டு நின்றதைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான்.

"என்ன ஆச்சு? வரி மறந்துபோச்சா?"

லிபெரோ கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தெருவில் பெண்கள் ஜன்னல்களில் நின்றார்கள். ஒருத்தியும் ஒருத்தியிடமும் பேசவில்லை. மலையில் ஆள் செத்தால் கொம்பு ஊதுவார்கள். ஊதினால் எல்லாக் குவாரியிலும் கருவியைக் கீழே போட்டுவிட்டு எல்லாரும் இறங்கிவிடுவார்கள். யார் குவாரி, யார் கூட்டம் என்று கேள்வி கிடையாது. அன்றைக்கு எவனும் வேலை செய்யமாட்டான். எந்த முதலாளியும் அதை மாற்றிப் பார்த்து ஜெயித்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆண்கள் வரத் தொடங்கினார்கள். சட்டை தோளில், பூட்ஸ் வெள்ளை, புருவம் வெள்ளை. ஒவ்வொருத்தன் தலை தெரியும்போதும் ஒரு ஜன்னல் மூடியது. ஸ்பார்த்தகோ வந்தான். தம்பியைப் பார்த்ததும் நின்றான்.

"எஜிஸ்தோ" என்றான்.

"எப்படி?"

"வடம் அறுந்துபோச்சு. பழைய வடம். புதுசு வேணும்னு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டிருந்தான். பாளம் நேரா அவன் மேலயே வந்துருச்சு. ஓடக்கூட இல்லடா. கையைத் தூக்கினான், அவ்வளவுதான்."

எஜிஸ்தோ சறுக்குக் கூட்டத்தின் தலைவன். மலையில் வெட்டிய பளிங்குப் பாளத்துக்கு வடம் கட்டி, சோப்புத் தடவிய கட்டைகளின் மேல் கீழ்நோக்கிச் சறுக்க விடுவார்கள். தலைவன் பாளத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு கட்டையையும் போடச் சொல்வான். வடத்தை முளையில் சுற்றிப் பிடித்திருக்கிறவர்கள் மேலே இருப்பார்கள். கீழேயிருந்து அவன் கத்துவது மேலே எட்டாது. அதனால் நடுவில் ஒருத்தன் நின்று, வாங்கிக் கத்த வேண்டும். கட்டை சரியாக உட்கார்ந்தால் 'விடு'. ஏதாவது கோணினால் 'பிடி'. இந்த இரண்டு வார்த்தைதான் பாடம்.

வாலிபத்தில் லிபெரோ செய்த வேலை அதுதான். எஜிஸ்தோவின் கீழே. அவன் 'பிடி' என்றால் பள்ளத்தாக்கின் மறுபக்கத்திலிருந்து திரும்பி வரும். அந்தத் தொண்டையைக் கேட்டுத்தான் ஊரில் கூட்டமாகப் பாடுகிற கோரஸ்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து ஒரு வாத்தியார், ஒரு தேர்வு, ரயில்.

அவன் கிளம்பிய நாளில் எஜிஸ்தோ எல்லார் முன்னாலும் சொன்னான்: "வாயைத் திறந்தா காசு விழும்னு எவனோ இவன்கிட்ட சொல்லியிருக்கான். போகட்டும். உழைக்காமத் திங்கணும்னு ஆசைப்பட்டா எங்க வேணாலும் போகட்டும்."

அதோடு விட்டானா? லிபெரோ ஊருக்கு வரும்போதெல்லாம் சாராயக்கடையில் அதே பாட்டு. "வாங்க சாமியாரே, ஓய்வெடுக்க வந்தீங்களா? நாங்க கல்லு இழுத்துக் களைச்சு ஓய்வெடுப்போம். நீங்க எதுலேர்ந்து ஓய்வெடுக்கறீங்க?" கடையே சிரிக்கும். ஸ்பார்த்தகோவும் சேர்ந்து சிரிப்பான். முன்பு ஒருமுறை இதே தியேட்டரில் லிபெரோ சிறைக்காவலனாகப் பாடினான். மேல்மாடியில் மலிவு டிக்கெட் காலரியில் இருந்த குவாரிக்காரர்கள் கைதட்டினார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விழாவில் ஆடினால் தட்டுகிற மாதிரி. அந்தக் கைதட்டல் எஜிஸ்தோவின் கேலியைவிட அதிக நாள் அவன் காதில் கிடந்தது.

எஜிஸ்தோவை அவனுக்குப் பிடிக்காது. செத்ததனால் பிடித்துவிடவும் இல்லை.

மத்தியானம் சாராயக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பீன்ஸ் குழம்பில் போட்ட மெல்லிய நூடுல்ஸ் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது. குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊர்க் கோரஸ்காரர்கள். குவால்யாவின் குழு வந்தால் கோரஸுக்கு ஊர் ஆட்களைத்தான் எடுப்பார்கள். பகலில் கல், ராத்திரி பாட்டு. ஸ்பார்த்தகோவும் அதில் ஒருத்தன், இளைய பூசாரிகளில் இரண்டாவது வரிசை.

லிபெரோ கோப்பையைக் கீழே வைத்தான். "அப்போ இன்னிக்கு ராத்திரி கிடையாது."

"என்ன கிடையாது?" என்றான் ஸ்பார்த்தகோ.

"நாடகம்."

வடம் பிடிக்கிற நெல்லோ, காது மந்தமானவன், பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். "என்ன சொல்றான்?"

"நாடகம் கிடையாதாம்."

"யார் சொன்னது? முதலாளியா?"

"நான் சொல்றேன்" என்றான் லிபெரோ. "ஆள் செத்திருக்கான். கொம்பு ஊதியாச்சு. இன்னிக்கு எவனும் வேலை செய்யமாட்டான்."

"நாங்கதான் நிறுத்திட்டோமே" என்றான் நெல்லோ. "கொம்பு கேட்டதும் போட்டது போட்டபடி வந்துட்டோம். ராத்திரி பாடறது வேலையா? அது பொழுதுபோக்கு."

"உங்களுக்குப் பொழுதுபோக்கு. எனக்கு வேலை."

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சிரிப்பு.

"எஜிஸ்தோ இருந்திருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பான்!" என்றான் இன்னொருத்தன். "தெரியுமாடா லிபெரோ, இன்னிக்கு ராத்திரிக்கு அவன் டிக்கெட் வாங்கி வச்சிருந்தான். உன்னை விசிலடிச்சு இறக்கறதுக்குன்னே. ரெண்டு நாளா நாக்கை மடிச்சுப் பழகிக்கிட்டிருந்தான். விசில் சத்தம் தாங்காம பொண்டாட்டி வீட்டை விட்டுத் துரத்தியிருக்கா."

அந்த ஊர்த் தியேட்டரில் விசில் என்றால் பாராட்டு இல்லை, சரியில்லை என்று விரட்டுவது. இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். லிபெரோவும் சிரித்தான். பிறகு எழுந்தான்.

ஸ்பார்த்தகோ பின்னாலேயே வந்து தெருமுனையில் அவன் கையைப் பிடித்தான்.

"கிறுக்கு பிடிச்சிருக்காடா உனக்கு? அந்த மிலான்காரன் இன்னிக்குத்தானே வர்றான்?"

"இன்னிக்குத்தான்."

"அப்புறம்? நீ குவாரியை விட்டுப் போனவன். இந்த வழக்கம் உனக்கு இல்ல. ஒருத்தனும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டான், நான் சொல்றேன். போய்ப் பாடு. செத்தவன் செத்துட்டான். அவன் உனக்கு என்ன, மாமனா மச்சானா? ஊர் முன்னாடி உன்னை மட்டம் தட்டினவன்."

"அண்ணே, முன்னாடி ஆள் செத்த அன்னிக்கு அப்பாகிட்ட முதலாளி இரட்டைக்கூலி தர்றேன், நீங்க நாலு பேர் மட்டும் இருந்து இந்தப் பாளத்தை முடிச்சுட்டுப் போங்கன்னு கேட்டப்ப அப்பா என்ன பண்ணினார்?"

"அது வேற."

"என்ன பண்ணினார்?"

ஸ்பார்த்தகோ துப்பினான். "சுத்தியலைத் தூக்கிப் பள்ளத்துல போட்டார்."

"என் சுத்தியல் தொண்டைக்குள்ள இருக்கு. தூக்கிப் போட முடியாது. மூடி வைக்கறேன்."

"எல்லாம் சரி. மிலான்?"

லிபெரோ அண்ணனைப் பார்த்தான். அண்ணன் முகத்தில் இன்னும் பளிங்குத் தூள் ஒட்டியிருந்தது, கண்ணோரத்தில் வியர்வை ஓடிய கோடு. "இருபது வருஷமா நீங்க எல்லாரும் என்னை உழைக்காதவன்னு சொல்லிட்டிருக்கீங்க" என்றான். "இன்னிக்கு நான் பாடினா, அது நெஜம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"உன் பிடிவாதத்தைத் தூக்கி அடுப்புல போடு" என்று சொல்லிவிட்டு ஸ்பார்த்தகோ கடைக்குத் திரும்பிப் போனான்.

சாயங்காலம் தியேட்டரில் குவால்யா முதலில் நம்பவில்லை. அதிகக் கூலி கேட்கிறான் என்று நினைத்தார். பிறகு கத்தினார். உடுப்பு மாற்றும் அறையின் கதவு திறந்தே கிடந்தது. வெளியே கோரஸ்காரர்கள் கண்ணாடி முன்னால் வரிசையாக உட்கார்ந்து தாடி ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அங்க பார், உன் குவாரிக்காரன் எல்லாம் வந்து வேஷம் கட்டறான். உன் சொந்த அண்ணன் பூசாரியா நிக்கறான். உனக்கு மட்டும் என்ன தொரைத்தனம்?"

"அவங்க பகல்லயே வேலையை நிறுத்திட்டாங்க முதலாளி. என் வேலை இப்பத்தானே ஆரம்பிக்கணும்?"

குவால்யா நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பனியில் லாரி நின்றபோது அவரும் இறங்கித் தள்ளியவர். குரலைத் தாழ்த்தினார்.

"சரி. நான் ஒரு வழி சொல்றேன், கேளு. தொண்டை கட்டிக்கிச்சு. திடீர்னு கட்டிக்கிச்சு. பாடகன்னா தொண்டை கட்டத்தானே செய்யும்? திரைக்கு முன்னாடி நானே போய் அறிவிக்கறேன். டாக்டர்கிட்ட சீட்டு வாங்கறேன். சொர்மானி கோவிக்கமாட்டார், இந்தத் தொழில்ல இதைக் கேக்காத ஆளா அவர்? அடுத்த மாசம் பியாச்சென்சாவுக்கு வந்து கேளுங்கன்னு கூப்பிடலாம். நீ பாடவும் வேண்டாம், மிலானும் போகாது. போதுமா? உன் செத்தவனுக்கும் மரியாதை ஆச்சு."

இது நல்ல யோசனை. லிபெரோவுக்கு அது தெரிந்தது. வெளியே கண்ணாடி முன்னால் ஒரு கையும் அசையவில்லை. இவன் என்ன சொல்லப்போகிறான் என்று அங்கே அத்தனை தாடியும் காத்திருந்தது. ஸ்பார்த்தகோ கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினான், சரி என்று சொல் என்பதுபோல.

லிபெரோ மேசையில் இருந்த தலைமைப் பூசாரியின் உயர்ந்த தொப்பியை எடுத்துப் பார்த்தான். அட்டையில் தங்கத்தாள் ஒட்டியது. அதைத் திரும்ப வைத்தான்.

"குவாரிக்காரன் எவனாவது இன்னிக்கு வயித்துவலின்னு சொல்லிட்டு இறங்கினானா?" என்றான்.

"என்ன?"

"இல்ல, கேக்கறேன். வயித்துவலி, கால்வலின்னு சீட்டு வாங்கினாங்களா? ஆள் செத்தான், வேலை செய்யமாட்டோம்னு சொல்லிட்டுத்தானே இறங்கினாங்க. என் தொண்டை நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போச்சுன்னு நீங்க போய்ச் சொன்னா, பின்னாடியே வந்து அது பொய்னு நான் சொல்வேன்."

"நாசமாப் போ" என்றார் குவால்யா.

தியேட்டர் நிரம்பியிருந்தது. கீழே வக்கீல்களும் பளிங்கு வியாபாரிகளும் அவர்களுடைய பெண்டாட்டிமார்களும். மேலே காலரியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குவாரிக்காரர்கள். பக்கவாட்டுப் பெட்டியில் வெள்ளைத் தலையோடு தனியாக ஒருத்தர். சொர்மானி.

லிபெரோ திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அங்கி இல்லை. மத்தியானம் போட்டிருந்த அதே கால்சட்டை, மேலே கோட்டு. பேச்சு நின்றது.

"நான் லிபெரோ மென்கோனி. இன்னிக்குத் தலைமைப் பூசாரி வேஷம் என்னோடது" என்றான். மேடைப் பேச்சு இல்லை, ஊர்ப்பேச்சு. "என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. காய்ச்சலும் இல்ல. இன்னிக்கு எஜிஸ்தோ செத்துட்டான். இந்த ஊர்ல ஆள் செத்தா அன்னிக்கு வேலை கிடையாது. அதனால இன்னிக்கு நான் வேலை செய்யமாட்டேன். டிக்கெட்டுக் காசை வாசல்ல திருப்பித் தருவாங்க. நாளைக்குப் பாடறேன்."

கீழே ஒரு வக்கீல் எழுந்து, "இது என்ன கேலிக்கூத்து?" என்றார். மேலேயிருந்து நெல்லோவின் குரல் வந்தது. மந்தக்காதுக்காரன், எப்போதும் கத்தித்தான் பேசுவான்.

"டேய் மென்கோனி! பாடறது வேலையாடா?"

காலரி சிரித்தது. கீழேயும் சிலர் சிரித்தார்கள். லிபெரோ மேலே பார்த்தான். விளக்கு கண்ணில் அடித்ததால் ஒருத்தர் முகமும் தெரியவில்லை.

"நெல்லோ! நீ மேலே வடம் பிடிச்சிருந்தப்போ நடுவுல நின்னு கத்தினது யாரு?"

"நீதான்!"

"நான் 'பிடி'ன்னு கத்தலைன்னா கீழே என்ன ஆகும்?"

"சாவாங்க!"

"அது வேலையா, பொழுதுபோக்கா?"

பிறகு நெல்லோ, "அது வேலை" என்றான். முதல்தடவையாக மெதுவாகச் சொன்னான்.

"அதே தொண்டைதான்டா இது. வேற வாங்கல." லிபெரோ தன் கழுத்தில் கையால் தட்டிக் காட்டினான். "அன்னிக்கு நீங்க இதுக்குக் கூலி வாங்கிக் குடுத்தீங்க. இப்ப முதலாளி குடுக்கறார். மத்ததெல்லாம் ஒண்ணுதான். வேலை இல்லைன்னு நெனைக்கறவன் இறங்கி வா. வந்து இந்த அங்கியை மாட்டிக்கிட்டு மூணு அங்கமும் பாடு. நான் மேலே உன் இடத்துல உக்காந்து விசிலடிக்கறேன். எஜிஸ்தோவோட டிக்கெட் சும்மாத்தானே இருக்கு."

யாரும் இறங்கி வரவில்லை. காலரியில் ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது. ஒருத்தன் எழுந்தான், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கு நடந்தான். அடுத்தவன். பிறகு வரிசையாக. மரப்படிகளில் அந்த பூட்ஸ் சத்தம் வெகுநேரம் கேட்டது. மலையிலிருந்து இறங்குகிற அதே சத்தம். மேடைக்குப் பின்னால் திரும்பினால், இளைய பூசாரிகள் தாடியை உரித்துக்கொண்டிருந்தார்கள். பசை இழுத்து ஸ்பார்த்தகோவின் கன்னம் சிவந்திருந்தது. அவன் உரித்த தாடியைச் சுருட்டித் தம்பியின் கையில் திணித்துவிட்டுப் போனான்.

பக்கவாசலில் சொர்மானி நின்றிருந்தார், கையுறையைப் போட்டுக்கொண்டு.

"பேசினீங்களே, அந்தக் குரல் நல்லா இருந்தது" என்றார். "கூரை வரைக்கும் போச்சு. பாட்டைக் கேட்டிருக்கலாம்."

"நாளைக்கு இருங்க, மாயெஸ்ட்ரோ. பாடறேன்."

"நாளைக்கு தூரின்ல ஒருத்தனைக் கேக்கணும். வயசு உங்களைவிடக் குறைச்சல்."

"பாடுவானா?"

"பாடுவான்" என்றார் சொர்மானி. "யார் செத்தாலும் பாடுவான். எனக்கு அப்படி ஒருத்தன்தான் வேணும், என்ன செய்ய?"

"அப்ப அவனையே எடுத்துக்குங்க."

கை கொடுத்துவிட்டுப் போனார். மரியாதையான மனிதர்தான். அதற்குப் பிறகும் லிபெரோ மிலானுக்குப் பல தடவை போனான், ரயில் மாறுவதற்கு.

குவால்யா அன்றைக்கே சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமையோடு கணக்கு முடிந்தது, அடுத்த ஊருக்கு வேறு ஆள். சொன்னபடி செய்யவும் செய்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க லிபெரோவுக்கு ஒருவரும் எழுதவில்லை. பிறகு வேறு ஒரு குழு, வேறு ஒரு லாரி, அதே பூசாரிகள், அதே ராஜாக்கள். அதெல்லாம் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை. எஜிஸ்தோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதிரி இல்லை, மணி இல்லை. சாமியும் சர்க்காரும் வேண்டாம் என்கிறவர்களின் கறுப்பும் சிவப்புமான கொடி ஒன்று நனைந்து கம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. லிபெரோவும் தோள் கொடுத்தான். ஒருத்தரும் கூப்பிடவில்லை, ஒருத்தரும் தள்ளியும் விடவில்லை. மேடு ஏறும்போது சட்டைக்குள் தண்ணீர் இறங்கி நெஞ்சு விறைத்தது.

குழி மூடிய பிறகு எஜிஸ்தோவின் மனைவி இல்வா அவன் பக்கம் வந்தாள். அழுது முடித்த முகம்.

"நேத்து நீ வேலையை நிறுத்தினியாமே" என்றாள்.

"ஆமா."

"அவன் கேட்டிருந்தா 'என்ன வேலை'ன்னு கேட்டிருப்பான்."

"கேட்டிருப்பான்" என்றான் லிபெரோ.

"கடைசி வரைக்கும் ஒத்துக்கிட்டிருக்கமாட்டான். கழுதைப்பய." சால்வையை இழுத்துத் தலையை மூடினாள். "ஈரத்தோட நிக்காதே. ராத்திரி பாடணும் இல்ல?"

ராத்திரி பாடினான். கீழே பாதி காலி. சனிக்கிழமை கோபத்தில் பளிங்கு வியாபாரிகள் வரவில்லை. மேலே காலரி முந்தின நாளைவிட நெரிசல். கோரஸ் முழுசாக வந்திருந்தது. முதல் அங்கம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் அங்கத்தின் முடிவில், கோவில் வாசலில் நின்று லிபெரோ கோலை உயர்த்திச் சாபத்தைத் தொடங்கினான். வரிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கடைசிச் சுரத்துக்கு வந்தான். காலைக் குளிர் நெஞ்சில் இருந்தது. சுரம் அடித்தளத்தில் போய் உட்காரவில்லை. பாதியில் காற்றுப்போய், இருமல்மாதிரி ஒன்றாக முடிந்தது.

பிறகு மேலேயிருந்து:

"கட்டை கோணலா இருக்குடா மென்கோனி!"

மலையில் கட்டையைச் சரியாகப் போடாதவனை எஜிஸ்தோ திட்டுகிற திட்டு அது. கத்தியது நெல்லோ. அவ்வளவுதான், காலரி முழுக்க விசில். நாக்கை மடித்து, இரண்டு விரலை வாயில் விட்டு, பெஞ்சைப் பூட்ஸால் உதைத்து. கீழே ஒரு பெண்மணி காதைப் பொத்தினாள். இசை நடத்துனர் கோலைத் தாழ்த்தினார். திரைக்கு ஓரத்தில் குவால்யா சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கோவில் படியில் வரிசையாக நின்ற இளைய பூசாரிகளில் ஒருத்தன், இரண்டாவது வரிசையில், தாடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

லிபெரோ காலரியைப் பார்த்து நின்றான். இத்தனை வருஷத்தில் இந்த ஊர் அவனை ஒருதடவைகூட விசிலடித்ததில்லை. தட்டிக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறது. விசில் கோணலாக வேலை செய்கிறவனுக்கு. வேலை செய்கிறவனுக்கு மட்டும்.

கோலைத் தரையில் ஓங்கி அடித்தான். விசில் அடங்கியது.

"சத்தம் போட்டா கல்லு இறங்குமாடா?" என்று மேலே பார்த்துக் கத்தினான், முழுத் தொண்டையில். தலைமைப் பூசாரிக்கு அப்படி ஒரு வரி நாடகத்தில் கிடையாது. பிறகு நடத்துனரைப் பார்த்து விரலால் காட்டினான்: அதே இடத்திலிருந்து, மறுபடி.

நடத்துனர் தயங்கினார். வாத்தியக்காரர்களைப் பார்த்தார். கோலை உயர்த்தினார்.

லிபெரோ மூச்சை இழுத்தான். குளிர் அங்கேயே இருந்தது. இருக்கட்டும் என்று அதன் அடியிலிருந்து எடுத்தான். வரிகள் மறுபடி இறங்கின, ஒன்றன்மேல் ஒன்று, அவசரமில்லாமல். கடைசிச் சுரம் வந்தது. கீழே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் இருந்தது. மேடைப் பலகை அவன் காலடியில் அதிர்வதை அவனே உணர்ந்தான்.

காலரியில் ஒருத்தரும் கைதட்டவில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சரியாகத்தான் இருக்கிறதா என்று.

"விடு!" என்று கத்தினான் நெல்லோ.

நடத்துனரின் கோல் இறங்கியது, வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து நகர்ந்தன.